முழு மனதுடன் எழுதப்பட்ட நாற்பத்தொரு பத்திரங்கள்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் 'ஷரத்து சார்' என்றுதான் சொல்வார்கள். பத்திர எழுத்தர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் சாவி ரிப்பேர் கடைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒற்றை அறையில் முப்பத்தொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். வாசலைப் பார்த்து ஒரு மேஜை, எழுதிக்கொள்ள வருகிறவர்களுக்கு ஒரு பெஞ்சு, தனக்கென்று கை வைத்த நாற்காலி ஒன்று. அந்த நாற்காலியில் அவரைத் தவிர வேறு யாரும் உட்காரக் கூடாது. மாப்பிள்ளை வந்தாலும் பெஞ்சுதான்.

பட்டப்பெயர் வந்த காரணத்தை விளக்கவே வேண்டாம், அவர் வீட்டில் ஒரு வேளை இருந்தால் போதும். "டீ போடட்டுமா?" என்று மனைவி கேட்டால், "போடுவதாக இருந்தால், சர்க்கரை ஒரு ஸ்பூனுக்கு மிகாமல், மேற்படி டீ ஆறுவதற்கு முன் என் கைக்கு வந்து சேர வேண்டும்" என்பார். "மேற்படி டீ வேணும்னா மேற்படி ஆளே எழுந்து வந்து எடுத்துக்கலாம்" என்று அந்த அம்மாள் சமையலறையிலிருந்தே பதில் சொல்வார். பெண்ணைக் கட்டிக்கொடுத்தபோது சம்பந்தி வீட்டாரிடம் என்னென்ன பேசினோம் என்பதைப் பன்னிரண்டு ஷரத்துகளாக எழுதிக்கொண்டு போய் நீட்டிய மனிதர். நல்லவேளை, சம்பந்தி சிரிக்கத் தெரிந்தவர்.

அவருக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. அவர் எழுதிய பத்திரம் ஒன்றுகூட அலுவலகத்திலிருந்து திரும்பி வந்ததில்லை. மற்ற எழுத்தர்கள் எல்லை விவரத்தில் கோட்டை விடுவார்கள், கதவு எண்ணை மாற்றிப் போடுவார்கள், சாட்சியின் அப்பா பெயரை மறப்பார்கள். இவர் கையிலிருந்து போனது போனதுதான். இதை அவர் யாரிடமும் தானாகச் சொல்ல மாட்டார். யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டார். நான் இந்த மனிதரின் கதையைச் சொல்லப் புகுந்ததே இந்தக் கர்வத்தால்தான். இவரைத் தலைகுனிய வைத்தது குடியோ சூதோ இல்லை. வேலையைச் சுத்தமாகச் செய்ததுதான்.

நகரத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு ரயில் பாதை போனது. சண்டைக்கு முன் அது வெறும் பாதை. கேட் திறந்தால் இந்தப் பக்கத்துக்காரர்கள் அந்தப் பக்கம் போய் வைத்தியம் பார்த்துக்கொள்வார்கள், அந்தப் பக்கத்துக்காரர்கள் இந்தப் பக்கம் வந்து பள்ளிக்கூடம் படிப்பார்கள். இரண்டு இனத்தாரும் இரண்டு பக்கமும் கலந்து கிடந்தார்கள். பதினோரு வருடங்களுக்கு முன் நாடு இரண்டுபட்டுக் கொந்தளித்தபோது, கேட் இருந்த இடத்தில் சுவர் எழுந்தது. தங்கள் இனம் பெரும்பான்மையாக இல்லாத பக்கத்தில் மாட்டிக்கொண்டவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு மறுபக்கம் ஓடினார்கள். பிறகு மேலிடங்களில் கைகுலுக்கினார்கள், கொடிகளை இறக்கினார்கள், எல்லாம் முடிந்தது என்று வானொலியில் சொன்னார்கள். சுவர் மட்டும் அப்படியே நின்றது.

அதை இடிக்க ஒரு வழி சொல்லிக்கொண்டு வந்தவர் கல்லூரி அம்மா. அரசியல் தத்துவம் கற்பிக்கும் விரிவுரையாளர். ஒல்லியான உடம்பு, பெரிய கைப்பை, எவ்வளவு கத்தினாலும் உயராத குரல். சண்டை ஓய்ந்தபின் அமைத்த அமைதிக் குழு அவரிடம் இந்தப் பகுதியை ஒப்படைத்திருந்தது. பாதையின் இரு பக்கமும் இருக்கும் நூற்றிருபது வீட்டாரும் சேர்ந்து, இனி எப்படி ஒன்றாக வாழப்போகிறோம் என்று தாங்களே ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அப்படிச் செய்தால் அந்த இடத்தில் சுவர் போகும், கேட் வரும். பாதையோரம் மூடிக்கிடந்த பழைய ஸ்டேஷனின் காத்திருப்பு அறையை இதற்காகத் திறந்துவிட்டார்கள். அந்த அறைக்கு இரண்டு பக்கமும் கதவு இருந்ததால், யாரும் யார் பக்கத்துக்கும் போகாமலே உள்ளே வந்து உட்காரலாம். சனிக்கிழமை மதியந்தோறும் கூட்டம்.

முதல் கூட்டத்தில் கல்லூரி அம்மா ஆரம்பித்தார். "அரசாங்கம், போலீஸ், கோர்ட்டு எதுவும் இல்லாத ஒரு காலத்தை நினைச்சுப் பாருங்க. எல்லாருக்கும் எல்லாரையும் கண்டா பயம். அப்ப ஜனங்க உக்காந்து பேசறாங்க. நான் உன்னை அடிக்க மாட்டேன், நீ என்னை அடிக்காதே. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு சட்டம் வெச்சுக்குவோம்னு. நாம சேர்ந்து வாழறதுக்கே அடிப்படை அப்படி ஒரு ஒப்பந்தம்தான்னு தத்துவத்துல ஒரு பேச்சு உண்டு."

"எந்த வருஷம்மா அது?" என்றார் பேக்கரிக்காரர். இந்தப் பக்கத்தில் பெரிய குரல் அவருடையது.

"நிஜமா நடந்தது இல்லைங்க. நடந்ததா நினைச்சுக்கறது."

"நடக்காத ஒப்பந்தத்துக்கு நாம ஏன் கட்டுப்படணும்?"

"அதனாலதான் நடத்திப் பாத்துருவோம்னு வந்திருக்கேன்" என்றார் அம்மா. அறை சிரித்தது. பதினோரு வருடத்தில் இரு பக்கத்தாரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு பலரும் சொன்னார்கள்.

அம்மா ஒரு நிபந்தனையும் வைத்தார். இந்த முதல் ஒப்பந்தத்துக்குப் பெரும்பான்மை பலிக்காது. ஒருவர் விடாமல் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். பெரும்பான்மைக்குக் கட்டுப்படலாம் என்று எல்லோரும் முதலில் ஒப்புக்கொண்டால்தான் அதற்குப் பிறகு பெரும்பான்மை என்ற பேச்சுக்கே இடம். ஷரத்து சாருக்கு இது உடனே பிடித்துப்போயிற்று. பங்காளிகளில் ஒருவன் கையெழுத்துப் போடாவிட்டால் பாகப் பிரிவினையே செல்லாது என்பது அவருக்குத் தெரியாததா என்ன?

எழுதுகிற பொறுப்பு இயல்பாகவே அவர் தலையில் வந்து விழுந்தது. அவரும் மறுக்கவில்லை. முப்பத்தொரு வருடம் வீடும் மனையும் எழுதியவருக்கு, இப்போது சமாதானத்தையே எழுதும் யோகம். வீட்டுக்குப் போய் மனைவியிடம், "மேற்படி நகரத்தின் சரித்திரத்தில் என் பெயர் 'எழுதியவர்' என்ற இடத்தில் இருக்கும்" என்றார். அந்த அம்மாள், "சரித்திரம் இருக்கட்டும், கேஸ் சிலிண்டருக்குச் சொல்லியாச்சா?" என்றார்.

மூன்றாவது கூட்டத்தில்தான் வினை வந்தது. கல்லூரி அம்மா சபையைப் பார்த்து, "ஒரு ஒப்பந்தம் எதனால ஒப்பந்தம் ஆகுது? காகிதமா, முத்திரையா, கையெழுத்தா?" என்று கேட்டார். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பேக்கரிக்காரர், "நம்ம ஷரத்து சாரை வெச்சுக்கிட்டு எங்களைக் கேக்கறீங்களே" என்றார். எல்லோரும் திரும்பினார்கள். அவர் எழுந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நிதானமாகப் போட்டுக்கொண்டார். சபை பேசாமல் காத்திருப்பது எவ்வளவு சுகம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"சம்மதம்தாங்க" என்றார். "மனசார சம்மதிச்சுப் போட்டாத்தான் அது கையெழுத்து. பயந்துக்கிட்டுப் போட்டது வெறும் மைக்கறை. பயமுறுத்தி வாங்கின பத்திரம் ஆயிரம் முத்திரை குத்தினாலும் செல்லாது. இது எங்க தொழில்ல அரிச்சுவடி."

சிலர் கை தட்டினார்கள். கல்லூரி அம்மா முகம் மலர்ந்துவிட்டது. "தத்துவக்காரங்க நூத்துக்கணக்கான பக்கம் எழுதினதை சார் நாலு வரியில சொல்லிட்டாரு" என்றார்.

எதிர்ப்பக்க பெஞ்சில் கடைசியில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மா கையை உயர்த்தினார். ஐம்பது வயது இருக்கும். மூன்று கூட்டமும் வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தவர். "அப்ப நான் உங்க ஆபீஸ்ல போட்டது?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார்.

அவரை ஷரத்து சாருக்கு முதல் கூட்டத்திலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. தெரியாதது மாதிரி இருந்துகொண்டார். இப்போது சபையே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையும் மூன்றாவது வரிசையில் இருந்தார். ஷரத்து சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "உங்க பத்திரத்துல 'முழு மனதுடன்'னு தெளிவா எழுதியிருக்கும்மா. நீங்களும் படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டீங்க. அதனால சட்டப்படி அது செல்லும்" என்றார்.

தையல்காரம்மா எழுந்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, தான் வந்த பக்கத்துக் கதவு வழியாகவே போய்விட்டார். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போயிற்று. குப்பை அள்ளும் முறை பற்றிய ஷரத்து அது. அவர் குனிந்து அதை எழுத ஆரம்பித்தார்.

பதினோரு வருடத்துக்கு முன் நடந்தது இதுதான். கேட்டை வெள்ளிக்கிழமை மூடிவிடுவார்கள் என்று திங்கட்கிழமை தெரிந்தது. துப்பாக்கி வைத்திருந்த இளைஞர்கள் வீடு வீடாகப் போய், ஓடப் போகிறவர்களை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து அவருடைய பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தங்களுக்கு விற்றதாக எழுதிக்கொடுத்துவிட்டுப் போகட்டும், பிறகு வந்து வில்லங்கம் பண்ணக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. நான்கு நாளில் நாற்பத்தொரு கிரயப் பத்திரம். அவர்களில் தலைவன் மாதிரி இருந்தவன் அவருடைய கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டான். ஷரத்து சார் நின்றுகொண்டே எழுதினார். யாரும் அவரை எழுந்திருக்கச் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். அவன் உள்ளே வந்ததும் அவராகவே எழுந்து, "உக்காருங்க தம்பி" என்றார். டீயும் வரவழைத்துக் கொடுத்தார்.

தையல்காரம்மாவுக்கு அது அப்பா எழுதி வைத்த வீடு. கணவர் பையனையும் தன் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு முன்னாலேயே மறுபக்கம் போய்விட்டார். வீட்டைப் பூட்டிக்கொண்டு வர இருந்தவரைத்தான் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார்கள். இந்த அம்மாள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். 'நான் என் முழு மனதுடனும் சுயநினைவுடனும், எவருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இன்றி' என்ற இடத்தில் விரல் நின்றது.

"சார், இந்த ஒரு வரி மட்டும் வேண்டாமே. மிச்சத்துக்கு எல்லாம் போட்டுடறேன்" என்றார்.

"அது சும்மா வழக்கத்துக்கு எழுதறதும்மா. எல்லாப் பத்திரத்துலயும் இருக்கும். அது இல்லன்னா ஆபீஸ்ல திருப்பிடுவாங்க" என்றார் இவர். நாற்காலிக்காரன் சிரித்தான்.

இவருடைய தலையைக் கவிழ வைப்பது இந்த இடம்தான். பயந்து எழுதினார் என்றால் மன்னித்துவிடலாம், யாருக்குத்தான் உயிர் வெல்லம் இல்லை? ஆனால் துப்பாக்கிக்காரனுக்கு அந்த வரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. காகிதத்தில் எதுவோ எழுதிக் கையெழுத்து வாங்கினால் அவனுக்குப் போதும். அந்த வரி வேண்டும் என்று கேட்டது துப்பாக்கி இல்லை, பத்திரம் திரும்பி வரக் கூடாதே என்ற இவருடைய கர்வம். நாற்பத்தொன்றில் ஒன்றும் திரும்பி வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தக் கலவரத்துக்கு நடுவிலும் அதை நினைத்து அவருக்கு ஒரு திருப்தி உண்டாயிற்று. ஒரு நிமிடம்தான். ஆனால் உண்டாயிற்று.

இதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அந்த வீடு இரண்டு கை மாறி, ஐந்து வருடம் கழித்து அவருடைய சம்பந்தியிடமே வந்தது. வாங்குவதற்கு முன் வில்லங்கம் பார்த்துச் சொல்லும்படி சம்பந்தி கேட்டிருந்தார். இவர் பழைய பத்திரத்தை எடுத்தார். தன் கையெழுத்தை 'எழுதியவர்' என்ற இடத்தில் பார்த்தார். "ஒரு வில்லங்கமும் இல்லை" என்று எழுதிக்கொடுத்தார். இப்போது அவர் பெண் அந்த வீட்டில்தான் குடியிருக்கிறாள். முன் ஜன்னலுக்குப் பக்கத்தில், சுவரில் பென்சிலால் அங்குலம் அங்குலமாகக் கோடு போட்டிருக்கும். தையல்காரம்மா துணி அளக்கப் போட்டது. பேத்தியை அதில் சாய்த்து நிறுத்தி எவ்வளவு வளர்ந்தாள் என்று பார்ப்பார்கள். தாத்தா மட்டும் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்துகொள்வார்.

அடுத்த மூன்று வாரத்தில் நூற்றுப் பத்தொன்பது வீட்டார் ஒப்பந்த வாசகத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். தையல்காரம்மா ஒருவர்தான் பாக்கி. கூட்டத்துக்கு வருவார், கேட்பார், சம்மதமா என்று கேட்டால் தலையாட்டாமல் போய்விடுவார். சுவரை இடிக்கும் ஒப்பந்தக்காரர் ஏற்கெனவே வந்து அளந்துவிட்டுப் போயிருந்தார். ஆஸ்பத்திரிக்குச் சுற்றிப் போக வேண்டியவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பக் காத்திருந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு அம்மாள் மேல் எரிச்சல் பட்டார்கள். அவர் பக்கத்து ஜனங்களே அவரைத் திட்டினார்கள்.

"ஒத்தப் பொம்பளையோட பிடிவாதத்துக்கு ஊரே காத்துக் கிடக்கணுமா? என்ன சார் சொல்றீங்க?" என்று பேக்கரிக்காரர் ஒருநாள் ஷரத்து சாரின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்.

ஷரத்து சார், "சில பேர் சுபாவம் அப்படி" என்றார். அன்றைக்கு மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அந்த வாரம் பெண் வந்திருந்தாள். அவளுக்கு அப்பாவின் முகம் நன்றாகப் படிக்க வரும். ஷரத்துகளுக்கு நடுவே வளர்ந்தவள் இல்லையா? அம்மா துணி காயப்போட மாடிக்குப் போனதும், கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்தத் தையல்கார அக்கா கூட்டத்துல உங்களைக் கேட்டாங்களாமே. இவர் வந்து சொன்னார். அவங்க மனசாரத்தான் கையெழுத்துப் போட்டாங்களா?"

"பத்திரத்துல கண்டுள்ளபடி பார்த்தா..."

"ஷரத்து வேணாம்ப்பா."

சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். போன மாதத் தாள் இன்னும் கிழிக்காமல் இருந்தது.

"சொல்லுங்கப்பா. அவங்க சந்தோஷமா வித்துட்டுப் போனாங்கன்னுதானே எங்க மாமனார்கிட்ட சொன்னீங்க? அதை நம்பித்தானே நான் அந்த வீட்ல குழந்தை பெத்தேன்?"

"சொன்னா வீடு போயிடும்மா."

அது வாயிலிருந்து விழுந்தபின்தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. அவள் கேட்ட கேள்விக்கு அதுவே பதில். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "அவருக்கு இது தெரியாது. மாமாவுக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும் தெரியும். நான் அந்த வீட்ல இனிமே எப்படிப்பா கதவைச் சாத்திட்டுத் தூங்குவேன்?" என்றாள். அவள் போனபிறகு அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். சொந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் காலண்டரைப் பார்த்தோமே என்ற வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

கடைசிக் கூட்டம் வந்தது. அன்றைக்கு முழு ஒப்பந்தத்தையும் படித்துக் காட்ட வேண்டும். அறை நிரம்பிவிட்டது, இரு பக்க வாசலிலும் ஜனம் நின்றது. பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து பின்னால் நின்றார்கள். ஷரத்து சார் படித்தார். யாரும் யாரையும் பிறப்பு காரணமாக வெளியேற்றுவதில்லை. தகராறு வந்தால் இரு பக்கத்திலிருந்தும் மும்மூன்று பேர் உட்கார்ந்து பேசுவது. கேட்டுக்குக் காவல் முறை வைத்துக்கொள்வது. இருபத்திரண்டு ஷரத்து. கடைசிப் பத்தி வந்தது. 'நாங்கள் அனைவரும் முழு மனதுடனும், எவருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இன்றி...' என்று அவர் வாய் பாட்டுக்குப் படித்துக்கொண்டே போயிற்று. எழுதும்போதும் அப்படித்தான், கை பாட்டுக்கு எழுதிக்கொண்டே போயிருந்தது.

தையல்காரம்மா எழுந்து நின்றார். "அந்த வரியை எடுத்துருங்க. மிச்சத்துக்கு எல்லாம் நான் சம்மதம்" என்றார்.

அறையில் சலசலப்பு. கல்லூரி அம்மா ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் பேக்கரிக்காரர் முந்திக்கொண்டார். "அட, அது சும்மா வழக்கத்துக்கு எழுதறதும்மா! எல்லாப் பத்திரத்துலயும்தான் இருக்கும். அதுக்குப் போயி ஊரைக் கட்டிப் போடறீங்களே!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். சொல் மாறாமல் தன் வாசகம் இன்னொருத்தர் வாயிலிருந்து வருவதை ஷரத்து சார் கேட்டார். அதைக் கேட்டு அந்த அம்மாளின் முகம் எப்படிப் போயிற்று என்பதையும், பதினோரு வருடத்துக்கு முன் பார்க்காமல் குனிந்துகொண்டவர் இன்றைக்குப் பார்த்தார்.

"வழக்கத்துக்கு இல்லைங்க" என்றார்.

"என்ன சார்?"

"அது வழக்கத்துக்கு எழுதற வரி இல்லை. நான்தான் அப்படிச் சொன்னேன். அந்தம்மா இந்த வரி வேணாம்னு அன்னைக்கே கேட்டாங்க. நான்தான் விடாம எழுதி வாங்கினேன்." குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "துப்பாக்கி வெச்சிருந்தவன் என் நாற்காலியில உக்காந்திருந்தான். நான்தான் எழுந்து இடம் குடுத்தேன். அவங்க மட்டும் இல்லை. நாலு நாள்ல நாப்பத்தொரு பேர். ஒருத்தர்கூட மனசார போடலை. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் நாப்பத்தொரு தடவை 'முழு மனதுடன்'னு எழுதினேன். போன மாசம் இதே இடத்துல நின்னுக்கிட்டு, அது செல்லும்னு சொன்னதும் பொய்தான். பயமுறுத்தி வாங்கினது செல்லாதுன்னு நான் முதல்ல சொன்னேன் பாருங்க, அதுதான் உண்மை. அந்தம்மா வீட்ல இப்ப இருக்கறது என் பொண்ணு."

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார், பிறகு மாமனாரைப் பார்த்தார், பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். பெண் போகவில்லை. எதிர்ப்பக்க பெஞ்சில் ஒரு கிழவர், "என்னுதும் அதுல ஒண்ணு" என்றார். வாசலில் நின்ற யாரோ, "எங்க அண்ணனோடதும்" என்றார். பேக்கரிக்காரர் உட்கார்ந்துவிட்டார். ஷரத்து சாருக்குக் காது இரண்டும் எரிந்தன. உரிமத்தைப் பிடுங்குவார்கள், அது நிச்சயம். சம்பந்தி இனி வாசல்படி மிதிக்க மாட்டார். அதெல்லாம் அப்போது பெரிதாகத் தோன்றவில்லை. இத்தனை பேர் எதிரில் நிற்கிற இடமே தெரியாமல் போய்விட வேண்டும் போல் இருந்தது. உட்காரலாம் என்றால், உட்காரும் உரிமை தனக்கு இருக்கிறதா என்று புரியவில்லை.

கல்லூரி அம்மா மெதுவாக எழுந்து வந்தார். "அந்த வரியை அடிச்சுடுங்க சார்" என்றார். அவர் அடித்தார். "அதுக்குப் பதிலா, பயமுறுத்தி வாங்கின பத்திரங்களை முதல்ல விசாரிப்போம்னு ஒரு ஷரத்து எழுதுங்க. அது இல்லாம மத்ததைப் பேசினது என் தப்பும்தான்." அவர் எழுதினார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அடித்தல் திருத்தலோடு ஒரு பத்திரம் அவர் கையிலிருந்து வெளியே போனது. அதை எடுத்துக்கொண்டு அவரே தையல்காரம்மாவின் பெஞ்சுக்குப் போய், பேனாவோடு நீட்டினார்.

அந்த அம்மாள் பேனாவை வாங்கவில்லை.

"கையெழுத்து போடறேன், இருங்க" என்றார். "வீட்டைப் பத்தியும் அப்புறம் பேசுவோம். உங்க பொண்ணு சின்னப் புள்ளைக்காரி, நாளைக்கே தெருவுல நிக்கச் சொல்ல நான் ஒண்ணும் அவனுங்க இல்லை. முதல்ல ஒரு காரியம் பண்ணுங்க."

பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். எண்ணைத் தேடிக்கொண்டே பேசினார். "என் வீட்டுக்காரர் சாகற வரைக்கும், 'நான் இல்லாதப்ப வித்துட்டியே'ன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தார். துப்பாக்கி காட்டினாங்கன்னு சொன்னேன். அவர் நம்பினார், நம்பலை, ரெண்டும் மாத்தி மாத்தி. பையன் பெரியவனானதும் ஆபீஸ்ல போய்ப் பத்திரத்தை நகல் எடுத்துப் படிச்சான். 'முழு மனதுடன்'னு போட்டிருக்கேம்மா, படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கியேம்மான்னான். என்கிட்ட பேசி நாலு வருஷமாச்சு. வெளிநாட்ல இருக்கான். நான் கூப்பிட்டா எடுப்பான், 'என்ன'ன்னு கேட்டுட்டு வெச்சுடுவான். அந்த வரியை எழுதினது நீங்க. அவன்கிட்ட நீங்க சொல்லுங்க."

எதிர்முனையில் மணி அடித்தது. "என்ன?" என்று ஓர் ஆண்குரல் கேட்டது. அந்த அம்மாள் கைப்பேசியை ஷரத்து சார் கையில் வைத்தார்.

"வணக்கம். நான் வந்து... பத்திர எழுத்தர். மேற்படி பத்திரம் சம்பந்தமாக..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். வேறு எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. முப்பத்தொரு வருடமாகப் பழகிய பாஷை அது ஒன்றுதான்.

"தம்பி, உங்கம்மா வீட்டை விக்கலை. வித்ததா எழுதினது நான். அந்த வரி வேணாம்னு உங்கம்மா கேட்டாங்க, துப்பாக்கிக்காரன் முன்னாடி உக்காந்துக்கிட்டு அவங்க ஒருத்தங்கதான் கேட்டாங்க. நான்தான் காதுல வாங்கலை. உங்கம்மா மேல ஒரு தப்பும் இல்லைப்பா."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அவர் திரையைப் பார்த்தார். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு அந்தக் குரல், "அம்மாகிட்ட குடுங்க" என்றது.

கொடுத்தார். தையல்காரம்மா கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். தோள் குலுங்கியது. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரிடா, சரி. விடு. சாப்பிட்டியா?" என்றார்.

அதற்கு மேல் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்று ஷரத்து சாருக்குப் பட்டது. ஒப்பந்தத்தையும் பேனாவையும் அந்த பெஞ்சின் மேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.